விற்பனைக்குப் பின்னால் இரண்டு குழுக்கள்: ரெவின்யூ ஆப்பரேஷன்ஸும் சேல்ஸ் எனேபிள்மென்ட்டும்

காலாண்டு முடிந்ததும் நிர்வாகக் கூட்டத்தில் ஒரு கேள்வி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த மூன்று மாதத்தில் எத்தனை புதிய வாடிக்கையாளர்கள் வந்தார்கள்? விற்பனைக் குழு 64 என்கிறது. நிதிப் பிரிவு 51 என்கிறது. வாடிக்கையாளர்களைப் பார்த்துக்கொள்ளும் குழு, தனக்குத் தெரிந்து 47 பேர்தான் என்கிறது.

மூன்று பேர் சொல்வதும் உண்மை. விற்பனைக் குழு கையெழுத்தான ஒப்பந்தங்களை எண்ணியது. நிதிப் பிரிவு இன்வாய்ஸ் போனவற்றை எண்ணியது. மூன்றாவது குழு, லாகின் செய்து சேவையைப் பயன்படுத்தத் தொடங்கியவர்களை மட்டும் எண்ணியது. பத்துப் பேர் ஒரே அறையில் உட்கார்ந்து வேலை செய்தவரை இந்தக் குழப்பம் வந்திருக்காது. எதிர் மேசையில் இருப்பவரிடம் கேட்டால் தீர்ந்துவிடும். நூறு பேராகும்போது ‘வாடிக்கையாளர்’ என்ற ஒரே சொல்லுக்கு மூன்று பொருள் வந்துவிடுகிறது, அது வந்தது யாருக்கும் தெரிவதில்லை.

வளரும் நிறுவனங்கள் ரெவின்யூ ஆப்பரேஷன்ஸ் குழுவை அமைப்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். சுருக்கமாக ரெவ்ஆப்ஸ் என்பார்கள். மார்க்கெட்டிங், விற்பனை, வாடிக்கையாளர் சேவை மூன்றுக்கும் பொதுவான தரவு, வேலை நடைமுறை, சிஆர்எம் (வாடிக்கையாளர் விவரங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள்) போன்ற கருவிகள், கோட்டா என்ற விற்பனை இலக்கு, கமிஷன், ஃபோர்காஸ்ட் என்ற விற்பனைக் கணிப்பு எல்லாம் இவர்கள் பொறுப்பு. ஏறக்குறைய அதே நேரத்தில் சேல்ஸ் எனேபிள்மென்ட் என்று இன்னொரு குழுவும் முளைக்கும். புதிதாகச் சேர்ந்தவர்களைத் தயார் செய்வது, பழையவர்களின் திறனை வளர்ப்பது, வாடிக்கையாளரிடம் பேசத் தேவையான பொருட்களைக் கையில் கொடுப்பது இவர்கள் வேலை. பல இடங்களில் முதல் குழு ரிப்போர்ட் தயாரிக்கும் இடமாகவும், இரண்டாவது பயிற்சி வகுப்பு நடத்தும் இடமாகவும் சுருங்கிப் போகின்றன. என் பார்வையில் இவை ஒரே வேலையின் இரண்டு பாதிகள். விற்பனை எங்கே தடுக்கிறது என்று ஒன்று கண்டுபிடிக்க வேண்டும். அந்த இடத்தில் விற்பனையாளர் செய்வதை இன்னொன்று மாற்ற வேண்டும். இரண்டுக்கும் தலைமை ஏற்பவரின் முதல் கடமை, இந்தப் பாதிகள் பிரிந்து போகாமல் பார்த்துக்கொள்வது.

தொடக்கத்தில் இவை ஒன்றாகத்தான் இருந்தன. 1884-இல் ஜான் பேட்டர்சன் என்பவர் அமெரிக்காவின் டேட்டன் நகரில், கடைகளின் கல்லாவில் வைக்கும் கணக்கு இயந்திரம் செய்யும் தொழிலை வாங்கினார். அதுதான் பின்னாளில் என்சிஆர் என்று அறியப்பட்ட நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர். அப்படி ஓர் இயந்திரம் தேவை என்றே கடைக்காரர்களுக்குத் தோன்றாத காலம் அது. நிறுவனத்தில் நன்றாக விற்றுக்கொண்டிருந்த ஜோசப் கிரேன், கடைக்காரரிடம் என்ன சொல்கிறார், எந்த வரிசையில் சொல்கிறார் என்பதை 1887-இல் ஒரு கையேடாகத் தொகுத்து, எல்லா விற்பனையாளர்களையும் படிக்க வைத்தார்கள். அப்புறம் விற்பனையாளர்களுக்கென்றே ஒரு பள்ளியும் வந்தது. அதே பேட்டர்சன்தான் ஒவ்வொருவருக்கும் தனி டெரிட்டரி, அதாவது விற்பனைப் பகுதி, ஒதுக்கி, கோட்டா வைத்து, அதைக் கணக்குப் பார்த்தார். கையேடும் பள்ளியும் இன்றைய எனேபிள்மென்ட். டெரிட்டரியும் கோட்டாவும் இன்றைய ஆப்பரேஷன்ஸ். இரண்டும் ஒரே ஆளின் தலைக்குள் இருந்தன. அங்கே 1896-இல் சேர்ந்து தொழில் கற்ற தாமஸ் வாட்சன் பின்னாளில் ஐபிஎம் நிறுவனத்துக்குத் தலைமை ஏற்றார்.

இந்தப் பிரிவினை பிறகு வந்தது. 1970-களில் ஜெராக்ஸ் நிறுவனத்தில் விற்பனைத் திட்டம், கமிஷன், ஃபோர்காஸ்ட் போன்ற கணக்கு வேலைகளுக்குத் தனிக் குழு அமைந்தது. சேல்ஸ் ஆப்பரேஷன்ஸ் என்ற பெயர் அங்கிருந்துதான் பரவியது. பயிற்சியோ பல நிறுவனங்களில் மனிதவளத் துறையின் பக்கம் போனது. சிஆர்எம் மென்பொருள் நிறுவனங்களான சீபல் 1993-இலும் சேல்ஸ்ஃபோர்ஸ் 1999-இலும் தொடங்கப்பட்டபின், விற்பனையாளரின் டைரியில் கிடந்த தகவல்கள் எல்லாரும் பார்க்கும் தரவாக மாறின. மென்பொருளை ஒரேயடியாக விற்பது போய் மாதச் சந்தா, ஆண்டுச் சந்தா வந்ததும் இன்னொரு மாற்றம். கையெழுத்தோடு விற்பனை முடிவதில்லை. வாடிக்கையாளர் அடுத்த ஆண்டும் புதுப்பித்தால்தான் கணக்கு நேராகும். ஆகவே ‘சேல்ஸ்’ என்ற சொல் போதாமல் ‘ரெவின்யூ’ என்ற சொல் வந்தது.

சொற்களைப் பூட்டி வைப்பது

ரெவ்ஆப்ஸ் தலைவர் முதலில் கட்ட வேண்டியது டாஷ்போர்டு அல்ல. லீட் (வாங்கக்கூடியவர்) என்றால் என்ன, பைப்லைன் (இன்னும் முடியாமல் பேச்சில் இருக்கும் டீல்கள்) என்றால் என்ன, ஒரு டீல் எப்போது ‘முடிந்தது’, வாடிக்கையாளர் எப்போது ‘விலகினார்’ என்று ஒரே பக்கத்தில் எழுதி, மார்க்கெட்டிங், விற்பனை, சேவை, நிதி என்ற நான்கு துறைகளின் தலைவர்களையும் ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும். சலிப்பான வேலைதான். ஒரு வாரத்தில் முடியும் என்று தொடங்கி இரண்டு மாதம் இழுக்கும். ஆனால் இது இல்லாமல் எத்தனை அழகான வரைபடம் போட்டாலும், கூட்டத்தின் முதல் அரை மணி நேரம் யார் எண் சரி என்ற வாக்குவாதத்தில் போய்விடும்.

நிதிப் பிரிவை இந்தப் பேச்சில் முதல் நாளிலிருந்தே உட்கார வைப்பது நல்லது. 2018 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஐஎஃப்ஆர்எஸ் 15 என்ற சர்வதேசக் கணக்கு விதிப்படி, வாடிக்கையாளருக்குக் கொடுத்த வாக்கு எப்போது நிறைவேறுகிறதோ அப்போதுதான் அது வருமானம். ஓராண்டுச் சேவைக்கான பணம் முழுவதும் முதல் நாளே வந்தாலும், வருமானமாக அது மாதாமாதம்தான் ஏறும். விற்பனைக் குழு கொண்டாடும் எண்ணும் கணக்குப் புத்தகத்தில் ஏறும் எண்ணும் ஒன்றாக இருக்கவே முடியாது என்று தெரிந்தால், பாதிச் சண்டை தானாகவே அடங்கிவிடும்.

டீலின் நிலைகளை எப்படிப் பெயரிடுகிறோம் என்பதும் இதே அளவு முக்கியம். ‘டெமோ முடிந்தது’, ‘புரொப்போசல் அனுப்பியாச்சு’ என்று நிலைகளை வைத்தால், அவை எல்லாம் நாம் செய்தவை. எதிர்ப்பக்கம் என்ன நடந்தது என்று அதில் தெரியாது. ஒரு புரொப்போசலை யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். வாங்குபவர் செய்த ஒன்றைக் கொண்டு நிலையைக் குறித்தால் நிலைமை தெளிவாகும். தன் பிரச்சினை இதுதான் என்று அவர் மின்னஞ்சலில் உறுதி செய்தாரா? பணம் ஒதுக்கும் அதிகாரம் உள்ளவர் கூட்டத்தில் உட்கார்ந்தாரா? அவர்களுடைய சட்டப் பிரிவு ஒப்பந்தத்தில் திருத்தம் கேட்டதா? இப்படிக் கேட்கத் தொடங்கியதும் பைப்லைன் சட்டென்று மெலிந்துவிடும். முதல் மாதம் எல்லாரும் பதறுவார்கள். மறைந்துபோனவை ஏற்கெனவே இல்லாதவைதான் என்று அவர்களுக்குப் பொறுமையாக விளக்குவது தலைவரின் வேலை.

சிஆர்எம்மில் நிரப்ப வேண்டிய கட்டங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு துறையும் ‘இதையும் ஒரு ஃபீல்டாகச் சேர்த்துவிடுங்கள்’ என்று கேட்கும். ஒவ்வொரு கட்டமும் விற்பனையாளர் வாடிக்கையாளரோடு பேசும் நேரத்திலிருந்து எடுக்கப்படுகிறது. இதை நிரப்பினால் எந்த முடிவு மாறும் என்ற கேள்விக்குப் பதில் இல்லையென்றால் மறுத்துவிடலாம்.

ஆள் கணக்கு

இந்த வேலையின் மையம் எது என்று கேட்டால், நான் ஆள் கணக்கைத்தான் சொல்வேன். ஆண்டு இலக்கை எட்டும் அளவுக்கு விற்பனை ஆட்கள் இருக்கிறார்களா என்று பார்ப்பது. ஆங்காங்கே திட்டங்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான், அதுவும் ஆண்டு தொடங்கும் முன்பே.

ஒரு நிறுவனத்தின் இலக்கு 100 அலகு என்போம். ஒரு விற்பனையாளரின் ஆண்டுக் கோட்டா 12. பத்துப் பேர் இருந்தால் 120. இலக்கைவிட 20 அதிகம் இருப்பதால் எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் அந்தப் பத்தில் ஆறு பேர்தான் இப்போது இருக்கிறார்கள். நான்கு பேரை இனிமேல்தான் எடுக்க வேண்டும். ஆள் தேடிச் சேர்க்க மூன்று மாதம் ஆகிறது. சேர்ந்தபின் தொழில் பழக ஆறு மாதம், அந்த ஆறு மாதத்தில் சராசரியாகப் பாதி அளவுதான் விற்க முடியும் என்றால், புதியவர் ஒருவர் அந்த ஆண்டில் தருவது 6 அலகு. முதல் மூன்று மாதம் எதுவும் இல்லை, அடுத்த ஆறு மாதத்தில் 3, கடைசி மூன்று மாதத்தில் 3. ஆறு பழையவர்கள் 72, நான்கு புதியவர்கள் 24. மொத்தம் 96.

ஆண்டின் நடுவில் பழையவர் ஒருவர் விலகினால் 6 போகும். அவருக்குப் பதில் ஆள் எடுத்துப் பழக்கினால் டிசம்பருக்குள் ஒன்றரை திரும்பக் கிடைக்கலாம். இப்போது 91.5. எல்லாரும் கோட்டாவை முழுதாக எட்டுவதும் நடக்காது. சராசரியாக 80 சதவீதம் எட்டுகிறார்கள் என்று வைத்தால் 73-ஐ ஒட்டி நிற்கிறது. காகிதத்தில் 120 ஆக இருந்தது கையில் 73. யாரும் சோம்பேறியாக இருக்கவில்லை, யாரும் தவறும் செய்யவில்லை. இந்தக் கணக்கை ஜனவரியிலேயே போட்டுக் காட்டியிருந்தால், ஆட்களை முன்கூட்டியே எடுத்திருக்கலாம், இல்லை இலக்கைக் குறைத்திருக்கலாம். அக்டோபரில் தெரிந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை. விற்பனையாளர்களை விரட்டத்தான் தோன்றும்.

எனேபிள்மென்ட்டின் மதிப்பும் இதே கணக்கில் தெரிகிறது. பழகும் காலத்தை ஆறிலிருந்து நான்கு மாதமாகக் குறைத்தால், புதியவர் ஒவ்வொருவரும் 6-க்குப் பதில் 7 தருவார். நான்கு பேருக்கு 4 அலகு, அதாவது ஒரு விற்பனையாளரின் கோட்டாவில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு புதிய ஆளையும் எடுக்காமல் கிடைத்தது. எனேபிள்மென்ட் குழு தன் தேவையை நிர்வாகத்திடம் விளக்க, வகுப்புக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட இந்த ஒரு வரி போதும்.

பைப்லைன் இலக்கைவிட மூன்று மடங்கு இருக்க வேண்டும் என்று ஒரு வழக்கு உண்டு. அது மூன்றில் ஒரு டீல் வெல்பவர்களுக்குத்தான் பொருந்தும். நான்கில் ஒன்று வெல்பவருக்கு நான்கு மடங்கு வேண்டும். சொந்த எண்ணைப் பார்க்காமல் ஊர் எண்ணை எடுத்துக்கொள்வதால் வரும் வினை இது.

கமிஷன் பேசும் மொழி

விற்பனைக் குழுவிடம் நிறுவனம் எதை விரும்புகிறது என்று தலைமை எத்தனை முறை மேடையில் சொன்னாலும், கமிஷன் திட்டம் சொல்வதைத்தான் அவர்கள் கேட்பார்கள். அது நியாயமும்கூட. அவர்கள் குடும்பம் நடப்பது அதில்தான். கையெழுத்துக்கு மட்டும் பணம் என்றால், காலாண்டின் கடைசி வாரத்தில் தள்ளுபடி கொட்டும். பொருத்தமில்லாத வாடிக்கையாளரும் உள்ளே வந்து ஓராண்டில் வெளியேறுவார். திட்டத்தை எழுதியவர்கள் ரெவ்ஆப்ஸ். விளைவைச் சுமப்பவர்கள் சேவைக் குழு.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி ஓர் எடுத்துக்காட்டு. ஒரு வாடிக்கையாளர் குடும்பத்துக்கு எட்டு சேவைகள் வரை விற்க வேண்டும் என்ற நோக்கமும் தினசரி இலக்கு அழுத்தமும் சேர்ந்து, வாடிக்கையாளருக்கே தெரியாமல் கணக்குகளைத் திறக்க வைத்தன. 2016 செப்டம்பரில் 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது; அதற்குள் ஏறத்தாழ 5,300 ஊழியர்கள் வேலையிழந்திருந்தார்கள். ஓர் அளவுகோலைக் கட்டுப்பாட்டுக்குப் பயன்படுத்தி அழுத்தம் கொடுத்தால் அதன் நம்பகத்தன்மை உடையும் என்று பொருளாதார அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-லேயே சுட்டிக்காட்டியிருந்தார். பணக்கொள்கையைப் பற்றி அவர் சொன்னது விற்பனைக்கு அப்படியே பொருந்துகிறது. ஆகவே புதுத் திட்டத்தை வெளியிடும் முன், நன்றாக விற்கும் இரண்டு பேரைக் கூப்பிட்டு, ‘இதில் ஏமாற்றிப் பணம் பண்ண வேண்டுமென்றால் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டுவிடுவது நல்லது. பத்து நிமிடத்தில் ஓட்டைகளைக் காட்டிவிடுவார்கள்.

இரண்டு நாள் பயிற்சி ஏன் ஒட்டுவதில்லை

ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். மறதி முதலில் செங்குத்தாக இறங்கும், பிறகு மெதுவாகும். இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் நினைவு நிற்கும். ஆண்டுக்கு ஒருமுறை எல்லாரையும் ஓரிடத்தில் கூட்டி இரண்டு நாள் நடத்தும் விற்பனைப் பயிற்சி ஏன் கரைந்துபோகிறது என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் இல்லை. அந்தக் கூட்டம் உற்சாகத்துக்கு நல்லது. பழக்கத்தை மாற்ற, அதே விஷயத்தை அடுத்த எட்டு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக, உண்மையான டீல்களை வைத்துப் பழக வேண்டும்.

இங்கேதான் நேரடி மேனேஜர்கள் வருகிறார்கள். எனேபிள்மென்ட் குழுவில் இரண்டு பேர் இருக்கலாம். விற்பனையாளர்கள் நாற்பது பேர். வாராவாரம் அவர்களோடு உட்காருவது மேனேஜர்தான். ஆகவே குழுவின் நேரத்தில் பெரும்பகுதியை மேனேஜர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பதிவான ஓர் உரையாடலை எப்படிக் கேட்பது, ஒரே ஒரு குறையை மட்டும் எடுத்து எப்படிப் பேசுவது, டீலைத் தானே போய் முடித்துக்கொடுக்காமல் எப்படி விலகி நிற்பது என்று பழக்க வேண்டும். நன்றாக விற்றதால் மேனேஜர் ஆனவர்களுக்கு இந்தக் கடைசி விஷயம் மிகக் கடினம்.

எதைக் கற்றுக்கொடுப்பது என்பதற்கும் ஊகத்தை நம்ப வேண்டியதில்லை. விற்பனை ஆய்வாளர் நீல் ராக்காமின் குழு 12 ஆண்டுகளில் 35,000 விற்பனைச் சந்திப்புகளை ஆராய்ந்தது. சிறிய விற்பனையில் பலன் தரும், உடனே சம்மதம் வாங்க அழுத்தும் ‘முடித்துவிடும்’ உத்திகள் பெரிய விற்பனையில் கெடுதல் செய்கின்றன என்பது அவர்கள் கண்டவற்றில் ஒன்று. பெரிய விற்பனையில், பிரச்சினையின் விளைவுகளை வாடிக்கையாளரே எண்ணிப் பார்க்கும்படி கேள்வி கேட்பவர்கள் வென்றார்கள். 1990-களில் பிடிசி மென்பொருள் நிறுவனத்தில் உருவான மெடிக் என்ற சரிபார்ப்பு முறையும் இதே திசையில் போகிறது. பணம் ஒதுக்குபவர் யார், எப்படி முடிவெடுப்பார்கள், உள்ளே நமக்காகப் பேசுபவர் யார் என்று டீல் டீலாகக் கேட்க வைக்கிறது.

பயிற்சியை எடைபோட அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் நான்கு படிகளைச் சொன்னார். கலந்துகொண்டவருக்குப் பிடித்ததா, கற்றாரா, வேலையில் நடத்தை மாறியதா, விளைவு மாறியதா. பெரும்பாலோர் முதல் படியிலேயே நின்று, கருத்துப் படிவத்தில் ஐந்துக்கு 4.6 வந்தது என்று திருப்தி அடைகிறார்கள். மூன்றாவது படியை அளக்க சிஆர்எம் தரவு வேண்டும், அது பக்கத்துக் குழுவிடம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து நடத்த வேண்டும் என்பதற்கு இதுவே எனக்குப் போதுமான காரணம்.

சேர்ந்து நடந்தால் எப்படி இருக்கும்? புரொப்போசல் கட்டத்தில் டீல்கள் நெடுநாள் தங்குகின்றன என்று ஆப்பரேஷன்ஸ் கவனிக்கிறது. விற்பனைத் தலைவர் பேரம் பேசும் பயிற்சி கேட்கிறார். தரவை இன்னும் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. புரொப்போசல் போவதற்கு முன்பே நிதி அதிகாரியைச் சந்தித்த டீல்கள் சீராக நகர்ந்திருக்கின்றன, சந்திக்காதவை தேங்கியிருக்கின்றன. பேரம் பேசத் தெரியாதது பிரச்சினை இல்லை, அந்தச் சந்திப்பைக் கேட்கத் தயங்குவதுதான் பிரச்சினை. எனேபிள்மென்ட் அந்த ஒரே தயக்கத்தை எடுத்து, எப்போது எந்த வார்த்தையில் கேட்பது என்று ஆறு வாரம் பழக்குகிறது. அப்புறம் ஆப்பரேஷன்ஸ், அந்தச் சந்திப்புக்குப் பிறகே போன புரொப்போசல்கள் எத்தனை என்று எண்ணுகிறது. நிதி அதிகாரியைச் சந்தித்ததால் டீல் நகர்ந்ததா, நல்ல டீலாக இருந்ததால் சந்திப்பு கிடைத்ததா என்ற சந்தேகம் இருக்கத்தான் செய்யும். பாதி மேனேஜர்களின் குழுக்களில் மட்டும் முதலில் முயன்று பார்த்தால் அதுவும் ஓரளவு தெளியும்.

தலைவர் எங்கே நிற்கிறார்

ஆப்பரேஷன்ஸுக்கு முதல் ஆளை எடுக்கும்போது கருவி தெரிந்தவரைத் தேடுவார்கள். அதோடு, எரிச்சலில் இருக்கும் விற்பனையாளரின் பக்கத்தில் உட்கார்ந்து பேசும் பொறுமையும் வேண்டும். எனேபிள்மென்ட்டின் முதல் ஆள் ஒரு காலத்தில் விற்றவராக இருப்பது நல்லது. இல்லையென்றால் வகுப்பில் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

யாருக்குக் கீழே இந்தக் குழுக்கள் இருக்க வேண்டும் என்ற விவாதம் முடியாதது. விற்பனைத் தலைவருக்குக் கீழே இருந்தால் வேலை வேகமாக நடக்கும். ஆனால் ஃபோர்காஸ்ட் அவர் விரும்பும் எண்ணை நோக்கிச் சாயும். எங்கே இருந்தாலும் ஒரு வழி திறந்திருக்க வேண்டும். விருப்பமில்லாத எண்ணை நிதித் தலைவரிடமும் தலைமை நிர்வாகியிடமும் நேராகச் சொல்ல ரெவ்ஆப்ஸ் தலைவருக்கு அனுமதி இருக்க வேண்டும். வெற்றி பெறும் டீல்கள் வழக்கமாக 90 நாளில் முடியும் நிறுவனத்தில், 200 நாளாகக் கிடக்கும் டீலை ‘உறுதி’ பட்டியலில் வைக்க முடியாது என்று சொல்லும் துணிவு அது.

மற்றபடி நாள் முழுவதும் வேண்டுகோள்கள் வரும். ஒரு ரிப்போர்ட், ஒரு ஸ்லைடு, ஒரு அவசர மாற்றம். எல்லாவற்றுக்கும் சரி சொன்னால் குழு ஓராண்டு முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும், எதுவும் மாறியிருக்காது. எல்லா வேண்டுகோளும் ஒரே வரிசையில், எல்லார் கண்ணிலும் படும்படி இருந்தால், எதைத் தள்ளிவைத்து இதை எடுப்பது என்று கேட்டவரிடமே கேட்கலாம்.

முதலில் பார்த்த கூட்டத்துக்குத் திரும்புவோம். சொற்களுக்குப் பொருள் எழுதி ஒப்புக்கொண்டபின், அடுத்த கூட்டத்தில் அந்த எண்களே பலகையில் மூன்று வரிகளாக இருக்கின்றன. கையெழுத்தானவை 64, இன்வாய்ஸ் போனவை 51, பயன்படுத்தத் தொடங்கியவர்கள் 47. யாரும் சண்டை போடவில்லை. முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் நடுவில் 17 பேர் இருக்கிறார்கள், கையெழுத்துப் போட்டும் இன்னும் தொடங்காதவர்கள். அவர்கள் பெயர்ப் பட்டியல் அன்றே சேவைக் குழுவுக்குப் போகிறது. அந்த வாரமே அவர்களுக்கு போன் போகும். கையெழுத்துக்கு முன் அவர்களோடு நடந்த உரையாடல்களின் பதிவுகளை எனேபிள்மென்ட் குழு கேட்கத் தொடங்குகிறது.